ஒன்றரை மாசம் தொடல, ஆனா தம்பிக்கு எதுவுமே ருசிக்கல, ஏன் டாக்டர்?

கேள்வி: டாக்டர், நாங்க குலசேகரம் பக்கம். என் தம்பிக்கு 24 வயசு, பெங்களூர்ல வேலை பாத்தான். அங்க ரூம்ல கூட இருந்த பையங்களோட சேந்து மெத்ங்கற போதைப்பொருள் பழகிட்டான், ஒன்றரை வருஷம் ஓடியிருக்கு, எங்களுக்கு தெரிஞ்சதே ரொம்ப லேட். வீட்டுக்கு கூட்டிட்டு வந்து இப்ப ஒன்றரை மாசம், தொடல. ஆனா படம் பாக்க மாட்டான், பந்து விளையாட கூப்பிட்டா வரமாட்டான், அம்மா வச்ச சாளைக் கறியும் மரச்சீனியும் கூட ருசி இல்லன்னு தட்டை தள்ளுதான். அதே ஆளு போன வாரம் அடுக்களையில கிடந்த சாக்லேட் சுத்தின சில்வர் பேப்பரை பாத்துட்டு கை நடுங்கி, வேர்த்து, செருப்பு கூட போடாம வெளிய இறங்கி போயிட்டான். ஒரு பக்கம் செத்தவன் மாதிரி கிடக்கான், ஒரு பக்கம் ஷாக் அடிச்ச மாதிரி துள்ளுதான். மாமா சொல்லுதாரு மூளை செல்லு எல்லாம் கருகிப் போச்சு, இனி அவ்ளோதான்னு. மெடிக்கல்ல நரம்பு டானிக் தந்தாங்க, குடிக்கான். இவன் நடிக்கானா இல்ல நிஜமாவே மூளை போச்சா?

பதில்: மக்ளே, முதல்ல நடிப்பான்னு கேட்டதுக்கு சொல்லிடுதேன், நடிப்பு இல்ல. மாமா சொன்ன மாதிரி மூளை செல்லு மொத்தமா கருகியும் போகல. நீங்க எழுதின ரெண்டு விஷயம், கிடக்கது ஒண்ணு துள்ளுறது ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு எதிரா தெரியும், ஆனா ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான். இத வீட்டுல எல்லாரும் சரியா புரிஞ்சுக்கிட்டா பாதி சண்டை நிக்கும், அதனால கொஞ்சம் விளக்கமாவே எழுதுதேன், பைய படிங்க.

மூளை செல்லுன்னா கரண்ட்ல ஓடுற சாதனம்தான். சும்மா இருக்கும்போது செல்லுக்கு உள்ள வெளிய விட சுமார் 80 மில்லிவோல்ட் கம்மியா இருக்கும் (நான் சொல்லப்போற இடத்து செல்லுக்கு இந்த கணக்கு, வேற இடத்துல கொஞ்சம் மாறும்). பக்கத்து செல்லுங்க சிக்னல் அனுப்ப அனுப்ப இந்த அளவு ஏறிட்டே வரும், ஒரு எல்லையை தாண்டினதும் சோடியம் சேனல்னு சொல்ற சின்ன துவாரம் எல்லாம் படபடன்னு தொறந்து செல்லு ஒரு தடவை வெடிக்கும், அதைத்தான் அது "பேசுது"ன்னு சொல்லுவோம். உடனே பொட்டாசியம் சேனல் தொறந்து அதை அடக்கி உக்கார வைக்கும். எவ்வளவு சின்ன தூண்டுதலுக்கு ஒரு செல்லு பேசும், எவ்வளவு குடுத்தாலும் பேசாம இருக்கும், இதுதான் அதோட உசுப்புத் தன்மை. இத எப்படி அளக்காங்கன்னா, எலி மூளையை 0.3 மில்லிமீட்டர் தடிமனுக்கு சீவி, உப்புத் தண்ணியில ஆக்ஸிஜன் குமிழி விட்டு உசுரோட வச்சு, மைக்ராஸ்கோப்ல ஒத்த செல்லை தேடி, மயிரை விட மெல்லிசான கண்ணாடிக் குழாய் முனையை அது மேல ஒட்ட வச்சு, கொஞ்சங் கொஞ்சமா கரண்ட் ஏத்திட்டே ஸ்கிரீன்ல எத்தனை தடவை வெடிக்குதுன்னு எண்ணுவாங்க. ஒரு நாள் முழுக்க உக்காந்தா நல்லா வாறது நாலஞ்சு செல்லுதான் இருக்கும், பொறுமை உள்ளவங்க வேலை அது.

இப்படி எண்ணித்தான் ஒரு விஷயம் தெரிய வந்துது. மூளைக்கு அடியில நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்னு ஒரு இடம், "இது நல்லா இருக்கு, இன்னொரு தடவை போவோம்"னு முடிவெடுக்கற இடம்னு வச்சுக்கோங்க. 1998ல ஃபிரான்சிஸ் வைட்டோட குழு திரும்பத் திரும்ப கொக்கெய்ன் குடுத்து நிப்பாட்டின எலிகள்ல இந்த இடத்து செல்லை பாத்தாங்க, செல்லு வெடிக்கதுக்கு தேவையான சோடியம் கரண்ட் குறைஞ்சு போயிருந்துது. அடுத்து வந்த வருஷங்கள்ல கால்சியம் கரண்டும் குறையுது, அடக்குற பொட்டாசியம் கரண்ட் கூடுதுன்னு ஒண்ணொண்ணா வெளிய வந்துது. அதாவது ஆக்ஸிலேட்டர் லூசாகி பிரேக் டைட்டாயிருக்கு. 2013ல சயீத் குரிச் குழு அந்த பொட்டாசியம் சேனல்ல ஒரு வகை, செல்லுக்கு உள்ள சிக்மா-1ன்னு ஒரு புரதத்தோட கை கோத்துக்கிட்டு மேல்தோலுக்கு கூடுதலா வந்து உக்காருது, அதான் செல்லு மந்தமாகுதுன்னு காட்டினாங்க. பாத்தியளா, செல்லு சாகல. சேனல் எண்ணிக்கை மாறியிருக்கு, அவ்ளோதான். ஆனா அந்த "அவ்ளோதான்" மாசக்கணக்குல நிக்கும், அங்கதான் கஷ்டம்.

உங்க ஊர்ல ரப்பர் இல்லாத வீடு குறைவு, அதனால இது சொன்னா டக்குன்னு பிடிபடும். பால் கூட வரணும்னு பட்டையில எத்திபான் மருந்து தேய்ப்பாங்கல்ல, அளவா போட்டா சரி, ஆசையில மாத்தி மாத்தி போட்டு தினமும் வெட்டினா ஒரு கட்டத்துல மரம் பால் விடாம பட்டை காஞ்சு நிக்கும், பாக்கதுக்கு மரம் பச்சையா இலையோடதான் நிக்கும், கத்தி வச்சா ஒண்ணும் வராது. அப்ப வெட்டுகாரர் மரத்தை சாய்க்கதில்ல, வெட்டை நிறுத்தி ஆறப்போடுவாரு. தம்பி நிலைமை கிட்டத்தட்ட அதான். மெத் உள்ள போனா டோபமைன், அதாவது ஆசையைத் தூண்டுற ரசாயனம், எந்த வழியா செல்லுக்கு திரும்பப் போகணுமோ அந்த வாசலையே தலைகீழா ஓட வச்சு வெளிய கொட்டும், அதும் கொக்கெய்ன் மாதிரி ஒரு மணி நேரத்துல இறங்காது, உடம்புல பாதி குறையவே பத்து பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இந்த வெள்ளத்துக்கு பழகி தன்னைத் தானே மந்தமாக்கிக்கிட்ட செல்லுக்கு சாளைக் கறி அனுப்புற சிக்னல் எங்க எட்டும்? அம்மாகிட்ட சொல்லுங்க, கறியில குறை இல்ல, அவன் வேணும்னு தட்டை தள்ளவும் இல்ல.

சரி, எல்லாம் மந்தம்னா சில்வர் பேப்பரை பாத்து ஏன் அப்படி துள்ளினான், அதானே அடுத்த கேள்வி. இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க, படிச்சவங்களும் கூட. செல்லோட சொந்த உசுப்பு வேற, அதுக்குள்ள வாற வயருங்களோட பலம் வேற. மொத்த செல்லு மந்தமா இருக்கும்போதே அதுக்கு வாற ஆயிரக்கணக்கான இணைப்புல சில குறிப்பிட்ட இணைப்பு மட்டும் ராட்சசத்தனமா பலமாகிக் கிடக்கும். அந்த சில இணைப்பு எதுன்னு கேட்டா, போதையோட ஓர்மை சம்பந்தப்பட்டதுதான். மெத்தை வச்சு சூடாக்கி இழுக்கற சில்வர் பேப்பர், லைட்டர், ஒரு குறிப்பிட்ட ஃபிரண்டோட ரிங்டோன், சம்பள மெசேஜ், பெங்களூர் பஸ்ஸு. 2001ல மார்க் அங்லெஸ், அந்தோனெல்லோ போன்சி எல்லாம் சேந்து செஞ்ச வேலையில, ஒரே ஒரு தடவை கொக்கெய்ன் ஊசி போட்ட சுண்டெலியில டோபமைன் செல்லுக்கு வாற இணைப்பு பலமாகி அஞ்சு நாள் கழிச்சும் அப்படியே இருந்துது, பத்தாம் நாள் பாத்தா பழைய நிலைக்கு வந்துருந்துது. 2008ல போன்சி குழு இன்னொண்ணு பாத்தாங்க, கூண்டுல இருக்க லிவர் கம்பியை எலியே அமுக்கி தானா எடுத்துக்கிட்டா அந்த மாற்றம் மூணு மாசம் கழிச்சும் போகல, அதே அளவு மருந்தை எலி கேக்காம நாம ஏத்திவிட்டா அப்படி நிக்கல, சர்க்கரைக்கு அமுக்கின எலிக்கும் நிக்கல. மருந்து மட்டும் இல்ல, "நான் தேடிப் போய் எடுத்தேன்"ங்கற பழக்கமும் சேந்துதான் மூளையில பதியுதுன்னு நான் இத எடுத்துக்கிடுதேன்.

ரெண்டும் தனித்தனி விபத்து இல்லங்கறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. யான் டாங் குழு 2009ல காட்டினது என்னன்னா, இந்த இடத்து செல்லுங்களுக்கு ஒரு சமாளிப்பு வேலை உண்டு, உள்ள வாற இணைப்பு பலமானா செல்லு தன் உசுப்பை குறைச்சுக்கிடும், இணைப்பு தளர்ந்தா உசுப்பை ஏத்திக்கிடும், மொத்த வரவு செலவை சமமா வைக்க பாக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனா போதை விஷயத்துல இந்த சமாளிப்பே வினையாகும். ஏன்னா மந்தம் எல்லா சிக்னலுக்கும் பொது, பலம் மட்டும் போதை ஓர்மைக்கு. அப்ப மந்தமான செல்லை எழுப்புற அளவு சத்தம் போட தெரிஞ்சது அது ஒண்ணுதான்னு ஆகிடுது. சாளைக் கறி, பந்து, படம் இதெல்லாம் கூப்பிட்டும் எழும்பாதவன் சில்வர் பேப்பருக்கு எழும்புவான். நீங்க எழுதின செத்தவன் மாதிரியும் ஷாக் அடிச்ச மாதிரியும் ஒண்ணா சேர்ற இடம் இதான் மக்ளே.

நெத்திக்கு பின்னால இருக்க பகுதியையும் சொல்லணும், ஏன்னா இதுலதான் மாமாவுக்கு பதில் இருக்கு. முன்மூளை நம்ம பிரேக். 2013ல போன்சி குழு எலிகளை கொக்கெய்னுக்கு ரொம்ப நாள் பழக்கி, அப்புறம் லிவர் அமுக்கினா சில நேரம் காலுக்கு ஷாக் விழுற மாதிரி வச்சாங்க. பெரும்பாலான எலி பயந்து விட்டுருச்சு, ஒரு பங்கு எலி மட்டும் ஷாக் விழ விழ அமுக்கிச்சு. விடாத அந்த எலிகளோட முன்மூளை செல்லை அளந்தா விட்ட எலிகளை விட ரொம்ப மந்தம். வெளிச்சம் பட்டா உசுப்பாகிற மாதிரி அந்த செல்லை மாத்தி வச்சு, அங்க லைட் போட்டு உசுப்பினதும் அமுக்கறது குறைஞ்சு போச்சு. இத நான் ஏன் எழுதுதேன்னா, வீட்டுல அடிச்சு, பூட்டி, "போலீஸ்ல புடிச்சு குடுப்பேன்"னு மிரட்டினா சரியாகிடும்னு நம்புற அப்பாமாரு நம்ம மாவட்டத்துல ஏராளம், எங்கிட்டயே வந்து பெருமையா சொல்லுவாங்க. தண்டனையை கணக்கு போட்டு பாக்கற பகுதியே மங்கி இருக்கும்போது தண்டனையை கூட்டினா என்ன கிடைக்கும்? அவமானம் கூடும், கள்ளத்தனம் கூடும். (முன்மூளை எப்பவும் மந்தம்தான்னும் இல்ல, யான் டாங் 2005ல பாத்த வேலையில நாம ஊசி போட்ட எலிகள்ல முன்மூளை செல்லு அதிகமா உசுப்பாகியிருந்துது. யாரு குடுத்தா, எவ்வளவு நாள், நிப்பாட்டி எத்தனை நாள்ங்கறத பொறுத்து மாறும். அதனால "போதை மூளையை தூண்டுமா மந்தமாக்குமா"ன்னு ஒத்த வரியில கேக்கறவங்களுக்கு எந்த இடத்துல, எப்பன்னு திருப்பி கேக்கறதுதான் சரியான பதில்.)

இப்ப உண்மையா நான் கவலைப்படுற விஷயத்துக்கு வாறேன். ஒன்றரை மாசம் ஆச்சு, கண்டம் தாண்டியாச்சுன்னு வீட்டுல நினைப்பிய. மூளை கணக்கு அப்படி இல்ல. 2001ல யாவின் ஷஹாம் குழு கொக்கெய்ன் நிப்பாட்டின எலிகளை வெவ்வேறு நாள் இடைவெளியில சோதிச்சாங்க, போதை சம்பந்தப்பட்ட லைட்டை காட்டினா எலி லிவரை தேடி அமுக்கறது நாள் போகப் போக குறையல, 60 நாள் வரைக்கும் கூடிட்டே போச்சு. மனுஷங்கள்ல 2016ல வந்த ஒரு ஆய்வு இன்னும் கூர்மையானது: கொக்கெய்ன் விட்டவங்களுக்கு போதை படம் காட்டி தலையில இ.இ.ஜி வயர் வச்சு பாத்தா மூளை காட்டுற துடிப்பு விட்ட ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்குள்ளதான் உச்சம், ஆனா "ஆசை வருதா"ன்னு வாயால கேட்டா அது நாளுக்கு நாள் குறைஞ்சுட்டேதான் வந்துது. அப்ப தம்பி "எனக்கு இப்ப ஆசையே இல்லக்கா, ஒரு தடவை போய் ரூம் சாமானை எடுத்துட்டு வாறேன்"னு சொன்னா பொய் சொல்லல, மனசார நம்பித்தான் சொல்லுவான். ஆனா நம்பி அனுப்பாதிய. சாமானை வேற யாராவது போய் எடுக்கட்டும், இல்ல கிடக்கட்டும்.

ஒரு நேர்மையான விஷயமும் சொல்லணும், மேல சொன்னதுல பாதிக்கு மேல எலி, அதும் கொக்கெய்ன் குடுத்த எலி. மெத்துக்கும் இதே திசைதான், கூடவே டோபமைன் நரம்பு முனையில நேரடி சேதமும் மெத்துக்கு உண்டு, அத மறைக்க மாட்டேன். ஆனா நோரா வோல்கோ குழு 2001ல மெத் விட்ட அஞ்சு பேரை ஸ்கேன் எடுத்தாங்க, சின்ன எண்ணிக்கைதான், ஆரம்பத்துல குறைஞ்சு கிடந்த டோபமைன் வாசல் 12 மாசத்துல இருந்து 17 மாசம் தொடாம இருந்த பிறகு நல்லா கூடி வந்துருந்துது. கை வேகம், ஞாபகம் இதெல்லாம் அதே அளவுக்கு திரும்பல, கொஞ்சம் பாக்கி இருந்துது. அதனால மாமாகிட்ட "வாரம் கணக்குல எதிர்பாக்காதிய, வருஷக் கணக்குல பாருங்க"ன்னு சொல்லுங்க.

டானிக் விஷயம். பாட்டில்ல இருக்கது பி விட்டமின். ரத்த டெஸ்ட்ல பி12 குறைவுன்னா குடுக்கலாம், மத்தபடி சோடியம் சேனலையோ பொட்டாசியம் சேனலையோ அது ஒண்ணும் செய்யாது. குடிச்சா கெடுதல் இல்ல, ஆனா "மருந்து குடுக்கோம்ல"ன்னு டாக்டரை பாக்காம நாள் கடத்துறது கெடுதல். தூக்க மாத்திரை மட்டும் மெடிக்கல்ல நேரா கேட்டு வாங்கி குடுத்துராதிய, அது அடுத்த பழக்கமாகும். வீட்டுல யாராவது "பைய ரெண்டு பெக் குடிச்சு தூங்கட்டும்"னு சொன்னா அதுவும் வேண்டாம்.

மெத்துக்குன்னே அங்கீகாரம் வாங்கின மருந்து இன்னைக்கு வரைக்கும் இல்ல. 2021ல வந்த பெரிய அமெரிக்க சோதனையில நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோபியான் மாத்திரையும் சேத்து குடுத்தவங்கள்ல 13.6 சதவீதம் பேருக்கு பலன், டம்மி மருந்துக்கு 2.5 சதவீதம். ஒண்ணுமில்லாததுக்கு மேல, மந்திரத்துக்கு கீழ. உங்க தம்பிக்கு அது வேணுமா வேண்டாமாங்கறது நேர்ல பாக்கற மனநல டாக்டர்தான் சொல்லணும். மருந்தை விட நல்லா நின்ன முறை ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு தடவை யூரின் டெஸ்ட் சுத்தமா வந்தாலும் அன்னைக்கே கையில ஒரு சின்ன பரிசு. கேக்க சின்னப்புள்ளத்தனமா இருக்கும், ஆனா தூரத்து பலனை மதிக்க முடியாத மூளைக்கு பக்கத்து பலன்தான் ஏறும். கவுன்சிலிங்கோட சேத்து செஞ்சா இன்னும் நல்லது. காசா கையில குடுக்காதிய, ஷூ, ரீசார்ஜ் இந்த மாதிரி.

தூக்கத்தை சும்மா விடாதிய. யான் டாங் குழு 2015ல எலிகள்ல காட்டினாங்க, நிப்பாட்டின பிறகு தூக்கம் சிதறினா ஆசை வேகமா ஏறுது, தூக்கத்தை சீராக்கினா ஏறுறது குறையுது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஃபோன், பகல் பூரா படுக்கை, இத பைய திருப்புங்க. விடியக்காலம் பால் எடுக்க அப்பா கூட தோட்டத்துக்கு கூட்டிட்டு போங்க, வேலை செய்யணும்னு இல்ல, வெளிச்சம் படணும், கால் நடக்கணும். ஃபோன்ல பழைய நம்பர் எல்லாம் அவனையே உக்கார வச்சு அழிக்கச் சொல்லுங்க, நீங்க திருட்டுத்தனமா அழிச்சா சண்டைதான் மிஞ்சும். அடுக்களையில சில்வர் பேப்பர் வாங்கறத கொஞ்ச மாசம் விட்டுருங்க, அது அவனுக்கு வைக்கிற பரீட்சை இல்ல. அன்னைக்கு நடுங்கி வெளிய போனான்ல, அது தோல்வி இல்ல, ஓடிப் போகத் தெரிஞ்சுருக்கு, அதுக்கு அவன்கிட்ட ஒரு நல்ல வார்த்தை சொல்லலாம்.

ரெண்டு விஷயத்துல மட்டும் காத்திருக்க கூடாது. "வாழ்ந்து என்ன பிரயோஜனம்"ங்கற மாதிரி பேச்சு வந்தா, அல்லது யாரோ பின்னால வாறாங்க, சுவத்துக்குள்ள பேசுதாங்கன்னு சந்தேகம் வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. மெத் நிப்பாட்டின மாசங்கள்ல தற்கொலை எண்ணம் வரலாம், இத கேட்டா எண்ணத்தை நாமளே குடுத்த மாதிரி ஆகிடும்னு பயப்படாதிய, நேராவே கேளுங்க. ராத்திரி நேரம் யாரையும் பிடிக்க முடியலன்னா 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசலாம். போதை விடுறதுக்குன்னே தனியா 14446 இருக்கு. நேர்ல பாக்க ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மனநல ஓ.பி இருக்கு. கேரளா பக்கம் பக்கம்னு திருவனந்தபுரம் போறதுன்னாலும் போங்க, எங்க போனாலும் தொடர்ந்து ஒரே இடம் போங்க.

"ஆஸ்பத்திரிக்கு போனா கேஸ் ஆகிடுமோ"ன்னு பயந்து வராத குடும்பம் நிறைய. 1985 போதைப்பொருள் சட்டத்துலயே 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, பழக்கத்துக்கு ஆளானவர் தானா முன்வந்து அரசு அங்கீகாரம் உள்ள இடத்துல சிகிச்சை எடுத்தா, உபயோகிச்சதுக்கோ சின்ன அளவு வச்சிருந்ததுக்கோ உள்ள வழக்குல இருந்து பாதுகாப்பு உண்டு, சிகிச்சையை முழுசா முடிக்கணும். வித்தவனுக்கு இது கிடையாது. சந்தேகம்னா ஒரு வக்கீலை கேட்டுக்கோங்க.

கடைசியா பந்து. 2018ல மார்க்கோ வெனிரோ, ஷஹாம் குழு மெத்துக்கு பழகின எலிகளுக்கு ரெண்டு லிவர் வச்சாங்க, ஒண்ணு அமுக்கினா மெத், இன்னொண்ணு அமுக்கினா கதவு தொறந்து இன்னொரு எலி கூட கொஞ்ச நேரம் இருக்கலாம். கிட்டத்தட்ட எல்லா எலியும் கூட்டாளியைத்தான் எடுத்துச்சு, அப்படி இருந்த எலிகளுக்கு பின்னால ஆசை ஏறுறதும் நின்னு போச்சு. ஆனா கதவை எலி தானா தொறந்துச்சு, அத யாரும் புடிச்சு உள்ள தள்ளல. அதனால தம்பியை கிரவுண்டுக்கு இழுத்துட்டு போகாதிய. பழைய டீம்ல இதுல சம்பந்தமே இல்லாத, அவனுக்கு பிடிச்ச ஒருத்தனை மட்டும் வீட்டுக்கு வரச் சொல்லுங்க, கட்டஞ்சாயா போட்டு குடுங்க, ரெண்டு பேரும் திண்ணையில சும்மா இருக்கட்டும், பேசலன்னாலும் பரவால்ல. எப்ப பூட்ஸ் எடுக்கணும்ங்கறத அவனே சொல்லட்டும். ஓ.பிக்கு வரும்போது அவன் என்னல்லாம் எடுத்தான், கடைசியா எப்ப, தூக்கம் எத்தனை மணி, நெஞ்சு படபடப்பு உண்டான்னு ஒரு தாள்ல எழுதிட்டு வாங்க, அந்த டானிக் பாட்டிலையும் பையில போட்டுக்கோங்க.